புத்தளக் கரையில் நெடும்பயணம்: பல்லக்கு முதல் ஸ்கூட்டர் வரை

பிரயாணஞ் செய்யாத சமுதாயம் உலகில் இல்லை. கடலோரத்தில் வாழ்வோருக்கோ பிரயாணம் உப்பைப்போல் இன்றியமையாதது. வாணிகத்தின் பொருட்டும், தொழிலின் பொருட்டும், திருத்தலங்களைத் தரிசிக்கும் பொருட்டும் நம் முன்னோர் நாட்கணக்காக வழி நடந்தனர். இலங்கையின் வடமேற்கே அமைந்த புத்தள மாவட்டத்தின் கரையோரம் இத்தகைய வழிநடைக்குப் பெயர்பெற்ற பூமியாகும்.

இன்று விடுமுறைக் காலங்களில் கொழும்பு–புத்தளம் பெருந்தெருவிலே பத்துப் பன்னிரண்டு ஸ்கூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகச் செல்வதை நாம் காண்கின்றோம். ஒரு கழகமாகக் கூடிய இளைஞரும், நடுத்தர வயதினரும், சில வேளைகளில் நரைத்த தலையினரும் மூன்று நான்கு நாட்களுக்கு வேண்டிய உடைகளைக் கட்டிக்கொண்டு, கடலையும் களப்பையும் கண்டு களிக்கப் புறப்படுகின்றனர். பெரியோரிற் சிலர் இதனை மேனாட்டு மோகம் என்பர். இளைஞரிற் சிலர் இதனைத் தம் காலத்துப் புதுமை என்று பெருமை கொள்வர். இவ்விரண்டு கருத்தும் இக்கரையின் வரலாற்றோடு பொருந்துவன அல்ல. கூட்டமாகக் கூடி, இடையிடையே தங்கி, வழியிலுள்ள மக்களோடு பழகிச் செல்லும் நெடும்பயணம் இக்கரையின் பழைய வழக்கம். இடையிலே அது அற்றுப்போயிற்று. அற்றுப்போன அவ்வழக்கத்தை ஸ்கூட்டர் மீட்டுத் தரக்கூடும் என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையின் இயல்பு

தெற்கே மாஓயா கடலோடு கலக்கும் கொச்சிக்கடைப் பக்கத்தில் புத்தள மாவட்டம் தொடங்குகின்றது. அங்கிருந்து வென்னப்புவ, மாரவில, சிலாபம், முந்தல், பாலாவி, புத்தளம் என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. வடக்கே வில்பத்துக் காடு வரை இம்மாவட்டம் நீள்கின்றது. கொழும்பிலிருந்து சிலாபம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். புத்தளம் ஏறக்குறைய 130 கிலோமீற்றர்.

தென்பாகம் தென்னஞ்சோலை. தெதுறு ஓயாவைக் கடந்தபின் நிலம் வறண்டு, பனையும் முட்செடியும் உவர்நிலமும் தோன்றத் தொடங்கும். புத்தளக் களப்பு ஏறக்குறைய 327 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. அக்களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒரு நீண்ட கைபோலக் கற்பிட்டிக் குடாநாடு கிடக்கின்றது. பாலாவிச் சந்தியிலே மேற்கு நோக்கித் திரும்பினால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்திற் கற்பிட்டியை அடையலாம். அவ்வழியில் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலும் அருகருகே கிடக்கின்றன.

இக்கரையின் புகழ் மிகப் பழையது. முதலாம் நூற்றாண்டிலே பிளினி என்ற உரோம ஆசிரியர், அன்னியஸ் பிளோகாமஸ் என்பவனுடைய ஆள் ஒருவன் காற்றினால் அள்ளுண்டு பதினைந்தாம் நாளில் இலங்கையின் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்தான் என எழுதினார். கிரேக்க மொழியிலே ஹிப்போஸ் என்பது குதிரையைக் குறிக்கும். ஆதலால் வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலையே அத்துறை என ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். அல்லியரசாணியின் கதையையும் மக்கள் அவ்விடத்தோடு சேர்த்தே சொல்லி வருகின்றனர்.

இபுன் பத்தூத்தாவின் சுற்றுப்பயணம்

இக்கரையில் நடைபெற்ற நெடும்பயணங்களுள் விரிவான எழுத்துச் சான்றுடையது 1344ஆம் ஆண்டுக்குரியது. மொரொக்கோ நாட்டவரான இபுன் பத்தூத்தா மாலைதீவிலிருந்து கப்பலேறி வந்து பத்தாலா என்னுமிடத்தில் இறங்கினார். அப்பத்தாலாவே நமது புத்தளம் என்பர். கரையெங்கும் வெள்ளத்தால் அடித்து வரப்பட்ட கறுவா மரங்கள் குவிந்து கிடந்தனவாம். மாபார், மலபார் தேசத்தவர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, பதிலாகத் துணி முதலியவற்றை அரசனுக்கு அளித்தனராம்.

அரசன் ஆரியச் சக்கரவர்த்தி. அவன் விருந்தினரை வரவேற்றுப் பாரசீக மொழியிலே உரையாடி, தன் முத்துக்களைக் காட்டி, வேண்டுவதைக் கேட்குமாறு கூறினான். இபுன் பத்தூத்தா செல்வத்தைக் கேட்கவில்லை. மலைமீதுள்ள திருப்பாதத்தைத் தரிசிக்க வழி செய்ய வேண்டும் என்றே கேட்டார். அரசன் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடனனுப்பினான். கப்பல் தலைவன் காத்திருக்கும் காலத்துக்கு அவனை உபசரிக்கும் செலவையும் தானே ஏற்றான்.

அக்கூட்டம் இன்று சிலாபம் எனப்படும் பந்தர் சலாவாத் வழியாகத் தெற்கே சென்று, யானைகள் நிறைந்த கரடுமுரடான நாட்டைக் கடந்து மலையேறிற்று. திரும்பும்போது தேவேந்திரமுனை, காலி, கொழும்பு ஆகியவற்றைக் கண்டு மீண்டும் புத்தளத்துக்கே வந்து சேர்ந்தது. தீவின் மேற்கையும் தெற்கையும் ஒரு சுற்றாகச் சுற்றிய பயணம் இது.

இதில் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பயணி முஸ்லிம்; அவரை அனுப்பிய அரசன் சைவன்; வழிகாட்டியோர் யோகியரும் பிராமணரும்; சென்ற மலையோ பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் நம்பிக்கைக்கேற்ப வணங்கும் மலை. 1344இல் இக்கரையிலே இத்தகைய கூட்டுப்பயணம் ஓர் அதிசயமாகக் கருதப்படவில்லை. வழியறிந்தவன் முன்னே செல்வதும், உணவு சுமப்போன் உடன் வருவதும், ஊரவர் வரவேற்பதும் அக்காலத்தார் நன்கறிந்த ஒழுங்காகவே இருந்தன.

யாத்திரிகரும் தங்குதலங்களும்

சிலாபத்துக்கு அணித்தாயுள்ள முன்னேஸ்வரம் இக்கரையின் இதயம் எனலாம். இராவண வதத்தினால் வந்த பிரமகத்தி தோஷம் நீங்கும்பொருட்டு இராமபிரான் இங்கே சிவபெருமானை வழிபட்டார் எனவும், சிலாபத்துக்கு வடக்கேயுள்ள மானாவாரியில் இலிங்கத்தைத் தாபித்தார் எனவும் ஐதிகம் கூறும். 1578இல் போர்த்துக்கேயர் முன்னேஸ்வரத்தை இடித்தனர். பின்னர் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் திருப்பணி செய்வித்து, 1753இல் கும்பாபிஷேகம் நடைபெறச் செய்தான். தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவனும் பௌத்த சங்கத்தைப் புரந்தவனுமாகிய அரசன் ஒருவன் சிவாலயத்துக்குச் செய்த தொண்டு இது. இன்றும் ஆவணித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் திரளாக வருகின்றனர். வடிவாம்பிகை சந்நிதியிலே மொழி வேறுபாடு மறைந்து போகின்றது.

வண்டியும் வாகனமும் இல்லாத காலத்தில் இத்தலத்துக்கு வந்தோர் எவ்வாறு வந்தனர்? நாளொன்றுக்கு 25 கிலோமீற்றர் நடப்பவன் கொழும்பிலிருந்து சிலாபத்தை அடைய மூன்று நாளுக்கு மேற் செல்லும். எனவே மூன்று இரவுகள் எங்கேனும் தங்கவேண்டும். தனியே வருவோன் கள்வருக்கும் காட்டு விலங்குக்கும் அஞ்சவேண்டும். ஆகையாற் கூட்டமாக வந்தனர். தமிழ் வழங்கும் இடமெல்லாம் மடங்களும், தண்ணீர்ப் பந்தல்களும், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிகளும் ஏற்பட்டமைக்குக் காரணம் இதுவே. வழிப்போக்கனுக்கு உதவுவது அறமெனக் கருதப்பட்டது. வழிப்போக்கனும் தான் தங்கிய ஊரின் ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்டான்.

கரையிலே மேலும் வடக்கே உள்ள உடப்பு இக்கூட்டு வாழ்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இராமேஸ்வரப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் என அவ்வூரார் தம்மைக் கூறுவர். திரௌபதை அம்மன் ஆலயத்திலே பாரதக் கதையோடு தொடர்புடைய 18 நாள் விழாவும் தீமிதிப்பும் நடைபெறுகின்றன. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாடலை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒரே மூச்சாகப் பின்பாடிக் கயிற்றை இழுப்பர். ஒருவன் மாத்திரம் முந்தினால் வலை கோணும். ஒருவன் தளர்ந்தால் மற்றவர் தோள் நோகும். கூட்டமாகச் செல்லும் எப்பயணத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

உப்பும் கால்வாயும்

பக்தியோடு வாணிகமும் இக்கரையின் வழிகளை வளர்த்தது. புத்தளத்து உப்பு மலைநாட்டுக்குச் சென்றது. பொதிமாடுகள் வரிசையாக உப்பையும் கருவாட்டையும் சுமந்து சென்று, பாக்கு முதலியவற்றைச் சுமந்து மீண்டன. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றபோது, கண்டியரசு தன் துறைமுகங்களை இழந்தது. உப்புக்கும் பிறர் தயவை நாடவேண்டிய நிலை அதனால் உண்டாயிற்று.

ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியிலே கோட்டை கட்டினர். களப்பின் வாயிலைக் காத்தால் கண்டியின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர் கணக்கு. பின்னர் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளக் களப்பு வரை நீர்வழியை இணைத்தனர். ஆறுகளையும் களப்புக்களையும் கால்வாய்களாற் கோத்த மாலை அது. ஆங்கிலேயர் 1802க்கும் 1804க்கும் இடையிற் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் நடுவே வேறொரு கால்வாயை வெட்டினர். அது ஹமில்ரன் கால்வாய் என வழங்குகின்றது. தட்டையான அடியுடைய படகுகள், மேலே கூரை வேய்ந்து, அக்கால்வாய்களிலே மெல்ல ஊர்ந்து சென்றன. படகிலே சமைத்து, படகிலே உறங்கி, துறைதோறும் நின்று சென்றனர்.

இக்கரையின் ஊர்களை வரிசைப்படுத்தி எழுதிய பெருமை கற்பிட்டி ஈன்ற சைமன் காசிச்செட்டிக்கு உரியது. 1807இற் பிறந்த அவர், 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் பற்றிய அகராதி ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலாகத் தந்தார். தான் வாழும் நாட்டைத் தானே கண்டறிந்து எழுதவேண்டும் என்னும் எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்கு அவரே சான்றாவார். மேனாட்டார் எழுதிய வழிகாட்டி நூல்களைக் கையிலேந்திச் செல்லும் இக்கால இளைஞர், அவர் வாழ்க்கையை அறிவது நன்று.

புகையிரதம் வந்த பின்

1909இல் நீர்கொழும்புக்கும், 1916இல் சிலாபத்துக்கும், 1926இல் புத்தளத்துக்கும் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. கொப்பறாவும் உப்பும் மீனும் ஒரே நாளிற் கொழும்புச் சந்தைக்குச் சென்றன. நோயாளி பெரிய வைத்தியசாலையை அடைய முடிந்தது. மாணவன் நகரத்துக் கல்லூரியில் இடம் பெற்றான். மோட்டார் பஸ்கள் பெருகி, 1958 சனவரி 1ஆம் திகதி அவை தேசியமயமாக்கப்பட்டபின் சிற்றூர்களுக்கும் போக்குவரத்து விரிந்தது. இந்நன்மைகளை ஒருவரும் மறுக்கமாட்டார்.

எனினும் ஒரு நட்டமும் உண்டாயிற்று. மூன்று நாள் வழி மூன்று நான்கு மணித்தியால வழியாகியபோது, இடையிலுள்ள ஊர்கள் யன்னலுக்கு வெளியே ஓடும் காட்சியாகிவிட்டன. தங்குமடத்துக்குத் தேவையில்லை, சுமைதாங்கியில் இறக்குவதற்குச் சுமையில்லை. மாரவிலவில் ஓடு சுடுவோனையும், முந்தலில் இறால் பிடிப்போனையும், பாலாவியில் உப்பு வாருவோனையும் அறியாமலே ஒருவன் தன் வாழ்நாள் முழுவதும் இவ்வழியிற் போய்வரலாம் என்ற நிலை ஏற்பட்டது. அயலவன் அந்நியனானான். அந்நியனைப் பற்றி எந்த வதந்தியையும் எளிதில் நம்பலாம். இதன் பயனை நம் நாடு பிற்காலத்தில் அனுபவித்தது.

ஒரு குளவியின் கதை

விரைவு வண்டிகளின் காலத்திலே நின்று நின்று செல்லும் பயணத்தை மீட்ட வாகனம் கடல் கடந்த இத்தாலியிற் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பொன்ரெடேரா என்னும் ஊரிலிருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சினால் அழிந்தது. யுத்தம் முடிந்தபின் மக்களுக்குத் தேவைப்பட்டது விமானமன்று. மலிவான சிறு வாகனமே. கொறாடினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளர் 1946இல் ஒரு புது வண்டியை ஆக்கினார். அவருக்கு மோட்டார்ச் சைக்கிளிற் பிரியமில்லை. சங்கிலியும் எண்ணெயும் உடையைக் கெடுப்பதையும், காலைத் தூக்கி ஏறவேண்டியிருப்பதையும் குறைகளாகக் கண்டார். ஆகவே எஞ்சினைப் பின்சக்கரத்தோடு இணைத்து மூடி, சங்கிலியை நீக்கி, முன்னே காலுக்குக் கவசமும் தட்டும் அமைத்தார். விமானத்தின் சக்கரத்தைப்போல முன்சக்கரத்தை ஒருபக்கத் தண்டிலே தொங்கவிட்டார். 98 கனசென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட அவ்வண்டிக்கு வெஸ்பா எனப் பெயரிட்டனர். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றாற் குளவி. அடுத்த ஆண்டு மிலான் நகரத்து இன்னொசென்றி நிறுவனம் லம்பிரெற்றாவை வெளியிட்டது.

வண்டி பரவியதோடு கழகங்களும் தோன்றின. 1949இல் இத்தாலிய வெஸ்பாக் கழகம் அமைந்தது. நெடுந்தூரப் பயணங்களும் பெருகின. 1962இல் ஸ்பானிய மாணவர் இருவர் மத்ரித்திலிருந்து ஏதென்ஸ் நகரம் வரை ஒரே வெஸ்பாவிற் சென்றனர். சல்வடோர் தாலி என்ற ஓவியர் கையெழுத்திட்ட அவ்வண்டி பொன்ரெடேரா நூதனசாலையிற் பெயர் பெற்றது. 1992இல் ஜோர்ஜியோ பெற்றினெல்லி என்னும் இத்தாலியர் உரோமிலிருந்து வியற்நாமின் சைகோன் நகருக்குப் புறப்பட்டு அதனை அடைந்தார். சிறு சக்கரம் தொலைதூரத்துக்குத் தடையன்று என்பதை இவர்கள் நிரூபித்தனர்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1964இல் இங்கிலாந்தின் பிரைற்றன், மார்கேற் முதலிய கடற்கரை நகரங்களிலே ஸ்கூட்டரிற் சென்ற இளைஞரும் மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற இளைஞரும் மோதிக் கலகம் விளைத்தனர். கூட்டமும் வாகனமும் சேர்ந்தாற் கட்டுப்பாடு குலையும் எனப் பெரியோர் அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஒரே வண்டி ஓரிடத்தில் யாத்திரைக்கும் வேறிடத்திற் கலகத்துக்கும் பயன்பட்டது.

இந்தியாவிலே பம்பாயில் லம்பிரெற்றாவும், 1960ஆம் ஆண்டளவில் பஜாஜ் நிறுவனத்தாரால் வெஸ்பாவும் உற்பத்தியாயின. 1972இல் இராணா பிரதாபனுடைய குதிரையின் பெயரைத் தாங்கிச் சேத்தக் வெளிவந்தது. கணவன், மனைவி, இரு குழந்தைகள், அரிசி மூட்டை யாவும் ஒரே ஸ்கூட்டரிற் செல்வது தென்னாசியக் குடும்பத்தின் சித்திரமாயிற்று. இத்தாலியிலும் இந்தியாவிலும் செய்த இவ்வண்டிகள் இலங்கைக்கும் வந்தன. ஆசிரியரும், கிளாக்கரும், கிராமத்து வைத்தியரும் அவற்றை ஓட்டினர். அன்று சேவை செய்த வண்டிகளுட் பல இன்று புதுவர்ணம் பூசப்பெற்று, கழகத்தாரின் பயணங்களிலே முன்வரிசையிற் செல்கின்றன.

விரும்பாத பயணங்கள்

இக்கரையின் வரலாற்றைப் பேசுவோன் இன்பப் பயணத்தை மாத்திரம் பேசி முடிக்கலாகாது. 1990 ஒக்ரோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை அவர்தம் ஊர்களைவிட்டு வெளியேற்றினர். 70,000க்கு மேற்பட்ட மக்கள் சில மணித்தியாலங்களில் அல்லது சில நாட்களில் வீடு, வயல், கடை, பள்ளிவாசல் யாவற்றையும் விட்டகன்றனர். மன்னாரிலிருந்து பலர் படகுகளிற் கற்பிட்டிக் கரைக்கு வந்திறங்கினர். நூற்றாண்டுகளாக வணிகரும் யாத்திரிகரும் வந்த அதே துறையில், ஒரு பையோடும் கைக்குழந்தையோடும் அவர்கள் வந்தனர். புத்தளத்து மக்கள் தம் சோற்றையும் கிணற்று நீரையும் அவர்களோடு பகிர்ந்தனர். அன்று குழந்தைகளாக வந்தோர் இன்று பெற்றோராகி இக்கரையிலேயே வாழ்கின்றனர். தமிழ் பேசும் நாம் இச்செய்தியைத் தலைகுனிந்தே சொல்லவேண்டும். அழகிய காட்சி காணச் செல்வோன், அக்காட்சியிடையே உள்ள குடியிருப்புக்களின் கதையையும் அறிந்து செல்லவேண்டும்.

அண்மைக்காலத்தில் பயணமே நின்றுபோன நாட்களும் வந்தன. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாட்டிற் பெற்றோல் அரிதாகி, பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்குத் தொடக்கத்திற் கிழமைக்கு 4 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் வண்டி 4 லீற்றரில் 140 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு வரலாம், திரும்ப இயலாது. அக்காலத்திற் பழைய வண்டியைப் பழுதுபார்க்கும் கையறிவின் மதிப்பு எல்லோருக்கும் புலனாயிற்று. மூலையிற் கிடந்த துவிச்சக்கரவண்டிகளும் மீண்டும் தெருவில் இறங்கின.

நான்கு நாட் பயணம்

கழகமாகச் செல்வோர் இக்கரையில் எவ்வாறு பயணஞ் செய்யலாம் என்பதைச் சுருக்கமாகக் கூறுவேன்.

முதல் நாள் கொழும்பிலிருந்து முன்னேஸ்வரம். 80 கிலோமீற்றரே ஆதலால் அவசரமில்லை. மாரவிலப் பக்கத்து ஓட்டுத் தொழிற்சாலைகளையும், மகாவெவவின் பத்திக் கைத்தொழிலையும் பார்த்துச் செல்லலாம். மாலைப் பூசைக்கு ஆலயத்தை அடைவது நன்று. இரண்டாம் நாள் மானாவாரி, பின்னர் பத்துளுஓயாவில் மேற்கே திரும்பி உடப்பு. அங்கே கரைவலை காணலாம். தொடர்ந்து முந்தல் வழியாகப் புத்தளம். மூன்றாம் நாள் பாலாவியில் உப்பளங்களைக் கண்டு கற்பிட்டி வீதியிற் செல்லவேண்டும். 2011இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையமும், மாம்புரிக் காற்றாலைகளும் அவ்வழியில் உள்ளன. நிலக்கரியினாலும் காற்றினாலும் மின்சாரம் பெறும் இருவேறு முறைகளையும் ஒரே காலையிற் காண்பது விஞ்ஞான மாணவருக்குப் பெரும் பயன் தரும். தலவிலவிலே புனித அன்னம்மாள் ஆலயம் உண்டு. அதன் விழாக்களுக்குக் கத்தோலிக்கர் மாத்திரமன்றிப் பிற சமயத்தாரும் நேர்த்தி வைத்து வருகின்றனர். மிசன் பாடசாலையில் விவிலியமும் வீட்டில் தேவாரமும் கேட்டு வளர்ந்த எம்போன்றோர்க்கு இக்காட்சி வியப்பளிப்பதன்று. மாலையிற் கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டை. நான்காம் நாள் காலையிற் கடல் அமைதியாயிருப்பின் படகேறி ஓங்கில்களைக் கண்டு, பின்னர் திரும்பலாம். நவம்பர் முதல் ஏப்பிரில் வரை அதற்கேற்ற காலம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்று குடாநாட்டைக் குறுக்கே வீசுவதால், இலகுவான ஸ்கூட்டர் பக்கவாட்டில் தள்ளப்படும்.

இனி ஒழுங்குமுறை. வழியறிந்த ஒருவர் முன்னே செல்லவேண்டும். பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் கடைசியில் வரவேண்டும். இடையிலுள்ளோர் ஒருவரையொருவர் முந்தலாகாது. புதிதாகப் பழகியவர் முன்னவருக்கு அடுத்தபடி செல்லட்டும்; அவர் வேகமே கூட்டத்தின் வேகம். முன்வண்டி கடந்த இடத்தைத் தன் வண்டி அடைய இரண்டு விநாடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். பத்து அங்குலச் சக்கரம் குழியில் எளிதில் விழும். கரையோர வீதியிற் பரவும் மணலில் வழுக்கும். ஆகையால் மணலைக் கண்டதும் பிறேக்கை இறுக்காமல் வேகத்தை முன்னரே குறைத்துக்கொள்ளவேண்டும். கற்பிட்டி, புத்தளம் வீதிகளிற் கழுதைகள் எதிர்பாராது குறுக்கிடும். வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் மாலைக்குப்பின் யானைகள் வரும். யாத்திரிகரை யானைகள் தீண்டுவதில்லை என்று இபுன் பத்தூத்தாவின் காலத்தார் நம்பினர். நாம் அந்நம்பிக்கையைச் சோதியாமல் இருட்டுமுன் ஊரடைவதே அறிவு. பழைய வண்டியாயின் பெற்றோலோடு கலக்கும் எண்ணெய், பிளக், கிளச் கம்பி, மாற்றுச் சக்கரம் என்பன உடனிருக்கவேண்டும். ஒருவர் வண்டி நின்றால் எல்லோரும் நிற்கவேண்டும். தலைக்கவசமின்றி எவரும் புறப்படலாகாது.

கோயில் வீதியிலும் பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றின் முன்னும் எஞ்சினை அடக்கிச் செல்வது மரியாதை. பிளாஸ்திக் உறையையும் போத்தலையும் கடற்கரையில் விட்டுவருவோன் பயணி என்ற பெயருக்கு உரியவனல்லன். சாப்பாட்டை ஊரவர் கடையில் உண்டால் அவ்வூருக்கும் பயன். அங்கே பேசக் கிடைக்கும் அரைமணித்தியாலம் நமக்கும் பயன்.

முடிவுரை

பல்லக்கிற் சென்ற இபுன் பத்தூத்தாவும், கால்நடையாகச் சென்ற யாத்திரிகரும், படகில் ஊர்ந்த வணிகரும் இக்கரையிலே பெற்ற செல்வம் ஒன்றே. அது மனிதரை அறிந்தமை. வாகனம் மாறினும் அச்செல்வத்தைத் தேடும் வழி மாறவில்லை. இரவு தங்காமற் பறந்து வருவோன் ஸ்கூட்டரிற் சென்றாலும் புகையிரத யன்னலருகே இருந்தவன் கண்டதற்கு மேல் எதனையும் காணமாட்டான்.

நம் சங்கத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். இளைஞர் கூடிப் பயணஞ் செய்ய விரும்பின் அதனைத் தடுக்காது, தாங்கள் நடந்த வழியையும் தங்கிய மடத்தையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிடின் அவ்வழிகளின் பெயர் உங்களோடு மறைந்துவிடும். நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிழற்படத்தோடு குறிப்பேடு ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். ஊர்ப்பெயரின் காரணத்தையும், ஆலயத்தின் கதையையும், முதியோர் நினைவையும் கேட்டெழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரிலே அக்குறிப்புக்கள் அச்சேறுமாயின், சைமன் காசிச்செட்டி தொடங்கிய பணியில் நமது சங்கமும் சிறு பங்கு கொண்டதாகும். முன்னேஸ்வரப் பெருமான் வழித்துணையாக நின்று அருள்வாராக.